சாகாவரம் பெற்ற கட்டைகள்

போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928-ஆம் வருஷத்தில். மதுரையில் புறப்பட்டு, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடி வந்து, மேற்கு மலை குறுக்கே எழுந்து வழி மறிக்கும் இடத்தில் அந்த மீட்டர் கேஜ் பாதை நின்றுவிட்டது. மலையிலிருந்து ஏலக்காயும் காப்பிக் கொட்டையும் இறங்கின; சமவெளியிலிருந்து அரிசியும் உப்பும் துணிமணியும் ஏறின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு, 1950-களில், மறுபடி போட்டார்கள். அகலப் பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் முடிவோடு ரயிலை நிறுத்தி மறுபடி பெயர்த்தார்கள். 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதத்தில் போடி வரையிலும் அகல ரயில் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை பெயர்க்கப்பட்டு மூன்று தடவை போடப்பட்ட பாதை இது. அதன் ஜாதகம் லேசான ஜாதகம் அல்ல.

ரயிலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி எழுதுவார்கள். பாலத்தைப் பற்றி எழுதுவார்கள். திறப்பு விழாவுக்கு வந்த கவர்னரைப் பற்றி எழுதுவார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஆயுள் முழுவதும் குப்புறப் படுத்துக் கிடந்த கட்டையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. புத்தகத்தில் ஸ்லீப்பர் என்றும், எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயில் சிலிப்பர் கட்டை என்றும் வழங்கும் அந்த ஜீவனைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அது எப்படிப் பிறந்தது, எப்படி உழைத்தது என்பதைவிட, எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதுதான் விஷயம். செத்தால் தூக்கிப் போட்டுவிடலாம். சாகாததை என்ன செய்வது?

முதலில் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு மைல் ரயில் பாதைக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. போடிப் பாதை சுமார் 56 மைல். மரமோ இரும்போ, எதைப் போட்டாலும் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். ஒரு சின்னக் கிளைப் பாதைக்கே இந்தக் கணக்கு என்றால், தேசம் முழுவதற்கும் எத்தனை காடு வேண்டியிருந்திருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1850-களில் சென்னை மாகாணத்தில் மட்டும் வருஷத்துக்கு 35,000 மரங்கள் ஸ்லீப்பருக்காக வெட்டப்பட்டதாகச் சொல்வார்கள்.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது 1856-ல். சென்னை மாகாணத்துக்கு வன இலாகா என்று ஒன்று ஏற்பட்டதும் அதே 1856-ல்தான். ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அதற்குத் தலைவரானார். தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றி 1861-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ரயில்வேக்காரர்களின் மரப்பசியைப் பற்றிய கவலை இருக்கிறது. ரயிலும் வன இலாகாவும் ஒரே வருஷத்தில் வந்தது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பசிக்கிறவன் வீட்டுக்குள் நுழைந்தவுடன் அரிசிப் பானையைப் பூட்டிவைக்கிற மாமியார் மாதிரிதான் வன இலாகாவும் வந்தது. பூட்டிவைத்த அரிசி கடைசியில் யாருக்குப் போயிற்று என்பது வேறு கதை.

தேக்கும் இருளும் மருதும் தரையில் கிடந்தாலும் பல வருஷம் தாங்கும். ஆனால் அவை எல்லா இடத்திலும், கேட்ட அளவுக்குக் கிடைக்கிற மரங்கள் அல்ல. லேசான மரத்தைப் போட்டாலோ, நம் ஊர்க் கறையான் விருந்துக்கு அழைத்ததாக நினைத்துக்கொள்ளும். மேலே தண்டவாளம் பளபளவென்று இருக்கும். கீழே கட்டை மாவாகியிருக்கும். ஆகவே ஆரம்ப காலத்து ரயில் கம்பெனிகள், ஐரோப்பாவின் வடகோடியில் வளர்ந்த பைன் மரத்தை இங்கிலாந்தில் மருந்தில் ஊறவைத்துக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. நாலு பக்கமும் காடு சூழ்ந்த தேசத்துக்கு மரத்தைக் கடல் கடந்து கொண்டுவந்த விந்தைக்குக் காரணம் அந்த மருந்துதான்.

மரத்துக்கு மருந்து போடும் வித்தையை ஐரோப்பாவில் பலர் பலவிதமாகச் செய்து பார்த்தார்கள். 1832-ல் கியான் என்பவர் பாதரச உப்பு ஒன்றில் மரத்தை ஊறவைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். நம் சித்த வைத்தியர்கள் 'வீரம்' என்று சொல்லுகிற அதே கொடிய சரக்குத்தான் அது. கறையானைக் கொல்லும், கையில் தொட்டவனையும் சும்மா விடாது. 1838-ல் ஜான் பெதெல் என்பவர் இன்னொரு வழி கண்டார். பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் மரத்தை அடுக்கி மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தோடு பாய்ச்சுவது. காற்று இருந்த இடத்திலெல்லாம் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். லண்டன் தெருவிளக்குகளுக்கு நிலக்கரியிலிருந்து வாயு காய்ச்சியபோது மிஞ்சிய தாருக்கு இப்படி ஒரு நல்ல கதி பிறந்தது. குப்பை என்று நினைத்தது காசாயிற்று.

பிற்காலத்தில் நம் நாட்டிலேயே இந்த வேலையைச் செய்ய ஆலைகள் ஏற்பட்டன. பஞ்சாபில் தில்வான், அஸ்ஸாமில் நஹர்கடியா, உத்தரப் பிரதேசத்தில் கிளட்டர்பக்கஞ்ச், தெற்கே பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோடு. மீட்டர் கேஜ் கட்டை என்றால் ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம், நாலரை அங்குலக் கனம். சிறு பிள்ளையாக மதுரை ஸ்டேஷனில் வெயில் நேரத்தில் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றபோது, கட்டைகளிலிருந்து கிளம்பிய அந்தத் தார் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எனக்கு அது பிரயாணத்தின் வாசனை, பாட்டி வீட்டு வாசனை, கோடை விடுமுறையின் வாசனை. அதை விஷம் என்று சொன்னால் மனசு லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

இனி, இந்தக் கதையில் நாம் பெருமைப்படவேண்டிய அத்தியாயம் ஒன்று வருகிறது. டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்பவர் வேலை பார்த்தார். பெயரைக் கேட்டாலே ஆந்திர தேசத்தவர் என்று தெரியும். மயில்துத்தம் பூசணத்தைத் தடுக்கும். பாஷாணம் கறையானைத் தடுக்கும். இரண்டையும் சேர்த்து மரத்துக்குள் ஏற்றலாம். ஆனால் ஒரு மழை பெய்தால் இரண்டும் கரைந்து வெளியே வந்துவிடும். காமேசம் இதற்கு வழி கண்டார். குரோமிய உப்பு ஒன்றையும் கூடச் சேர்த்தால், மூன்றும் மரத்தின் நாரோடு ஒட்டிக்கொண்டு, கரையாத பொருளாக மாறிவிடுகின்றன. இதை 1933-ல் கண்டுபிடித்தார். ஆர்சனிக்குக்கும் தாமிரத்துக்கும் ரசாயனக்காரர்கள் வைத்திருக்கும் குறி எழுத்துக்களைச் சேர்த்து 'ஆஸ்கு' என்று அதற்குப் பெயர் வந்தது. ஆர்சனிக் உப்பு ஒரு பங்கு, மயில்துத்தம் மூன்று பங்கு, டைக்ரோமேட் நாலு பங்கு என்று இந்தியத் தர நிர்ணய நூல் இன்றும் அளவு சொல்லுகிறது.

அமெரிக்காவில் டெலிபோன் கம்பங்களுக்கு இந்த மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். கம்பம் அசையவில்லை. பிறகு வீட்டுத் தாழ்வாரம், தோட்டத்துப் படிக்கட்டு, மண் சரியாமல் தாங்கும் அணைக்கட்டை, பூப்பாத்தி வரம்பு, குழந்தைகள் ஏறி விளையாடும் ஊஞ்சல் சட்டம் என்று உலகம் முழுவதும் அது பரவியது. வெளிநாட்டுத் தோட்டங்களில் பச்சை நிறம் தட்டிய மரக்கட்டைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சைக்கு மூலம் டேராடூன். கண்டுபிடித்தவரின் பெயர் நம்மில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

இந்த மருந்துகள் செய்த நன்மையைச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல. மூன்று வருஷத்தில் மட்கும் மரம் இருபது, முப்பது வருஷம் உழைத்தால், வெட்டப்படாமல் தப்பித்த மரங்கள் எத்தனை! கிளெக்ஹார்ன் கவலைப்பட்டது எதற்காகவோ, அதற்கு ஒரு பதிலாகத்தான் பெதெலின் பீப்பாயும் காமேசத்தின் மூன்று உப்பும் வந்தன. காட்டைக் காப்பாற்றியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மரம் எவ்வளவு நாள் இருக்கவேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அதன் வேலை முடிந்த பிறகு அது எங்கே போகவேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அவர்கள் மேஜையில் இடம் இல்லை.

இயற்கைக்கு இந்தக் கேள்வியே கிடையாது. எங்கள் மலைக்கு மேலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. மூணாறுத் தேயிலையை இறக்குவதற்காக 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாட்டைக் கட்டி வண்டி இழுத்தார்கள். 1908-ல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் கோட்டகுடிக்கு இறங்கும். கோட்டகுடியிலிருந்து வண்டி கட்டிப் போடிக்கு வரும். 1924-ஆம் வருஷத்து மகா வெள்ளம் ஒன்று வந்து அந்த ரயிலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மருந்து போடாத மரம் அங்கே எங்காவது புதைந்திருந்தால், அது எப்பொழுதோ மண்ணாகி, அந்த மண்ணில் ஏலச்செடிகூட முளைத்திருக்கும். மருந்து போட்ட மரத்தை மண் அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்வதில்லை.

சரி, பெயர்த்து எடுத்த சிலிப்பர் கட்டைகள் எங்கே போயின? ரயில்வேயார் காங்கிரீட் கட்டைக்கு மாற மாற, தேசம் முழுவதும் மரக்கட்டைகள் ஏலத்துக்கு வந்தன. பழைய மரக்கடைக்காரர்கள் லாரி லாரியாக எடுத்தார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது போல, தண்டவாளத்தைவிட்டு வந்த கட்டைக்கும் கிராக்கி இருந்தது. மாட்டுக் கொட்டகைக்கு உத்தரமாயிற்று, கிணற்றுக்குக் குறுக்குக் கட்டையாயிற்று, வாசலுக்கு நிலைக்காலாயிற்று. இந்தக் காலத்தில் அதிலேயே மேஜை செய்து, மலைமேல் விடுதிகளில் போட்டு, பழைய ரயில் கட்டை என்று சொல்லி அதிகக் காசு வாங்குகிறார்கள். மலைச்சரிவில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கோ இதைவிட வசதியான சாமான் கிடையாது. ஆறடிக் கட்டையை மண்ணில் பதித்தால் ஒரு படி. நாலு கட்டையை அடுக்கினால் ஒரு அணை.

போடிமெட்டுக்குப் போகும் மலைப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் அந்த வளைவுகளில் ஜீப்புகள் வரிசையாக ஏறும். ஒவ்வொரு ஜீப்பிலும் காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பாதைக்கு அப்பால் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய தகப்பனார் காலத்தில், மதுரையில் ஒரு பழைய மரக்கடையிலிருந்து வாங்கிவந்த கட்டைகள் சுமார் நாற்பது, காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து லயம் வரை படிகளாகக் கிடந்தன. சில கட்டைகள் மழையில் ஆட்டம் கண்டுவிட்டன. அவற்றை எடுத்துவிட்டுக் கல் படி வைக்க நண்பர் முடிவு செய்தார். நான் போயிருந்த சமயம் பாதிக் கட்டைகளைத் தோண்டி எடுத்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். கட்டைகள் வேண்டும் என்று தொழிலாளிகள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். எதற்கு? அடுப்பெரிக்க.

வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த வயசான அம்மாள் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் ஏற்கனவே இரண்டு துண்டு கொண்டுபோய்விட்டவள்.

"அந்தக் கட்டை நல்லா எரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"எரியாம என்னங்கய்யா? எண்ணெ ஊத்துன மாதிரி பிடிச்சுக்கிரும். மழ நாள்ல ஈர வெறக ஊதி ஊதி நெஞ்சு வலிக்குதுல்ல, அதுக்கு இது தேவல. பொகதான் கண்ணக் கரிக்கும்" என்றாள்.

"சாம்பலை என்ன செய்வீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சாம்பலை என்ன செய்வார்கள் என்று தெரியாத மனுஷனும் உலகத்தில் இருக்கிறானா என்று நினைத்திருப்பாள். "ஏனம் வெளக்குவோம். மிச்சத்த கீரப் பாத்தில போடுவோம்" என்றாள்.

வாசகர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் சாம்பல் என்பது கழிவு அல்ல. பாத்திரம் துலக்கச் சாம்பல். கத்தரிச் செடியில் பூச்சி விழுந்தால் சாம்பல். கிராமத்தில் பல் துலக்கக்கூட ஒரு காலத்தில் சாம்பல். மற்ற தேசங்களில் விஷக் கட்டையை எரித்தால் விஷம் குப்பைத் தொட்டியோடு போகலாம். நம் ஊரில் அது சோற்றுத் தட்டுக்குத் திரும்பி வரும்.

தார் எண்ணெய்க் கட்டையை எரித்தால் புகையில் வருபவை புற்றுநோய் உண்டாக்கக் கூடிய பொருள்கள். ஆனால் தாரின் பெரும்பகுதி நெருப்பில் அழிந்துபோகும். மண்ணில் கிடந்தாலும் நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்று குறைக்கும். ஆஸ்கு கட்டை வேறு விதம். ஆர்சனிக் என்பது ஒரு மூலப்பொருள். அதை நெருப்பு அழிக்காது, காலம் அழிக்காது, கறையானும் தின்னாது. எரித்தால் ஒரு பகுதி புகையோடு போகும், மீதி சாம்பலில் செறிந்து நிற்கும். முழுக் கட்டையில் நாரோடு நாராக ஒட்டிக் கிடந்தது, ஒரு பிடி சாம்பலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். காமேசம் பாடுபட்டுக் கட்டிப்போட்ட பூதத்தை அடுப்பு ஒரே நாழிகையில் அவிழ்த்துவிடுகிறது.

இது வெறும் புத்தகப் பயம் அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் ராஜ்யத்துக் கிராமப்புறத்தில் எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வீடு முழுவதும் நோய். கண் எரிச்சல், இருமல், மூக்கில் ரத்தம், மயக்கம், வலிப்பு, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வது. வெயில் காலம் வந்தால் உடம்பு தேறிவிடும். பனி விழ ஆரம்பித்தால் மறுபடி படுக்கை. சுமார் மூன்று வருஷம் இப்படியே நடந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. குளிருக்காக வீட்டு அடுப்பில் அவர்கள் எரித்து வந்தவை, ஆர்சனிக் மருந்து ஏற்றிய பலகைத் துண்டுகள். 1984-ல் அமெரிக்க வைத்தியர்களின் பத்திரிகை ஒன்றில் இந்தக் குடும்பத்தின் கதை வெளியாயிற்று. இலவசமாகக் கிடைத்த விறகு அவர்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது, பாருங்கள்!

இதன் பிறகும் இருபது வருஷம் கழித்துத்தான், 2003-ஆம் வருஷக் கடைசியோடு, வீட்டு உபயோகத்துக்கான மரத்துக்கு இந்த மருந்து போடுவதை அமெரிக்க உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பழைய கட்டையை வீட்டில் எரிக்கக் கூடாது, தூளாக்கிச் செடிக்குப் போடக் கூடாது, மண்ணுக்குள் கசியாதபடி விரிப்புப் போட்ட குப்பைக் குழியில்தான் சேர்க்கவேண்டும் என்று அங்கே சொல்லுகிறார்கள். ஜெர்மனியில் 2002-ல் பழைய மரத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு, மரத்தை நாலு ஜாதியாகப் பிரித்தார்கள். ரயில் கட்டையும் தந்திக் கம்பமும் நாலாவது ஜாதி. அதை அதற்கென்று அமைந்த பெரிய உலையில், புகையை வடிகட்டித்தான் எரிக்கலாம்.

நம் நாட்டிலும் அபாயக் கழிவுகளுக்கு 2016-ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் ஆலைகளின் அபாயக் கழிவைப் பத்திரமாகப் புதைக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. போடியிலிருந்து அது 500 கிலோமீட்டருக்கு மேல். பெரிய ஆலைகளை மனத்தில் வைத்து ஏற்பட்ட ஏற்பாடு அது. மலைச்சரிவில் நாற்பது கட்டை வைத்திருக்கும் ஒரு தோட்டக்காரருக்கோ, இரண்டு துண்டு வைத்திருக்கும் ஒரு கூலிக்காரிக்கோ அதன் கதவு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. நண்பர் ஓர் அலுவலகத்துக்கு டெலிபோன் செய்து விசாரித்தார். "பழைய மரம்தானே? வித்துருங்க சார்" என்று பதில் வந்தது. விற்றால் வேறு ஒரு வீட்டு அடுப்புக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தக் கட்டை எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பதும் சுலபம் அல்ல. தார் ஏற்றிய கட்டை கறுத்து, வெயிலில் எண்ணெய் கக்கும், வாசனையே காட்டிக்கொடுக்கும். ஆஸ்கு ஏற்றியது புதிதில் பச்சை பூத்திருக்கும். வெயிலிலும் மழையிலும் பல வருஷம் கிடந்த பிறகு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மருந்தே போடாத நல்ல இருள் மரமாகவும் இருக்கலாம். நண்பரின் குவியலில் முக்கால்வாசிக் கட்டைகள் அறுத்த இடத்தில் தார் மணத்தன. சில கட்டைகளில் எந்த மணமும் இல்லை. மணம் இல்லாததைக் கண்டுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. பழைய மரக்கடையில் எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கும். ரயில் கட்டையோடு, ஆலைகளின் கூலிங் டவரிலிருந்து கழற்றிய மருந்துப் பலகையும் சேர்ந்து கிடந்தால் யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

கட்டைகளை அங்கேயே புதைத்துவிடலாமே என்று கணக்கப்பிள்ளை யோசனை சொன்னார். ஏலத்தோட்டத்து மண் புளிப்பு மண், மழையும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் கட்டையிலிருந்து மருந்து சீக்கிரம் கசியும். அந்தச் சரிவுக்குக் கீழே ஓடை; ஓடைக்குக் கீழே ஊர்.

இன்னொரு பேச்சும் வந்தது. "ஏலச் செடிக்கு அழுகல் வந்தால் மயில்துத்தம் கரைத்து அடிக்கிறோமே, அதுவும் விஷம்தானே? இதற்கு மட்டும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார் நண்பர். கேள்வி நியாயமானதுதான். மயில்துத்தத்தை அடிக்கிறவனுக்குத் தான் அடிப்பது மயில்துத்தம் என்று தெரியும், டப்பாவில் பெயர் எழுதியிருக்கும், கை கழுவுவான். கட்டையில் பெயர் எழுதியில்லை. அதை அடுப்பில் வைக்கிறவள் விறகு என்று நினைத்து வைக்கிறாள். வித்தியாசம் அதுதான் என்று சொன்னேன்.

கடைசியில் நண்பர் செய்தது இது. கட்டைகளை அறுக்காமல், உடைக்காமல், சிமெண்டுத் தரை போட்ட பழைய கொட்டகை ஒன்றில் அடுக்கினார். மேலே தகரம் போட்டு மழை படாமல் செய்தார். கையுறை போடாமல் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தார். லயத்துக்குப் போயிருந்த துண்டுகளைத் திரும்ப வாங்கினார். சும்மா வாங்கவில்லை. ஒரு துண்டுக்கு ஒரு சுமை சில்வர் ஓக் கிளை விறகு என்று பேசிக்கொண்டு, நிழல் மரம் கவாத்துப் பண்ணிய கிளைகளை ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பினார். "இத எரிக்காதே" என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது. "அதுக்குப் பதிலா இத எரி" என்று கையில் கொடுக்க அவருக்கு மனம் இருந்தது. மழைக்கால இரவில் கஞ்சி காய்ச்சவேண்டிய ஒருத்திக்கு உபதேசம் விறகாகாது.

நண்பர் செய்தது தீர்வு அல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது ஒத்திவைப்பு. ஒரு கொட்டகையில் நாற்பது கட்டைகள் காத்துக் கிடக்கின்றன. இவை போன்றவை தேசத்தில் எத்தனை கொட்டகைகளில், எத்தனை வேலிகளில், எத்தனை நிலைக்கால்களில் இருக்கின்றனவோ! ஏலம் போட்டபோது ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு விலை சொன்னார்கள். அந்த விலையோடு கூட, இதில் இன்ன மருந்து இருக்கிறது என்று ஒரு வரிச் சீட்டும் ஒட்டியிருந்தால், எத்தனையோ அடுப்புகளுக்கு அது போகாமல் இருந்திருக்கும். விற்ற காசில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஜில்லாவுக்கு ஒரு இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தால் இன்னும் நல்லது. இப்போது செய்தாலும் காலம் கடந்துவிடவில்லை. கட்டை அழுகாமல்தான் இருக்கிறது, காத்திருக்கும்.

போடிக்கு இப்போது வரும் அகல ரயில் காங்கிரீட் கட்டைமேல் ஓடுகிறது. கறையானுக்கு அதில் வேலை இல்லை; கிரியோசோட்டுக்கும் வேலை இல்லை. மலைமேல் தோட்ட வேலிக்குச் சிமெண்டுக் கம்பமும் பிளாஸ்டிக் வலையும் வந்துவிட்டன. அவையும் சாகாவரம் வாங்கிக்கொண்டு வந்தவைதான். ஐம்பது வருஷம் கழித்து அவற்றைப் பெயர்த்தெடுக்கும்போது, அந்தக் குவியலுக்குப் பக்கத்திலும் விறகில்லாத ஒருத்தி நிற்கக் கூடும். அவளிடம் என்ன சொல்வது என்பதை வாங்குகிற அன்றைக்கே யோசித்து வைத்துக்கொள்ளலாம். விற்கிறவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இது எத்தனை நாள் உழைக்கும், உழைத்து முடிந்த பிறகு யார் எடுத்துக்கொண்டு போவார்கள்?